விறகு ரம்பத்துக்கு ஏற்ற சங்கிலி எது?

நம் சங்கத்து ஆண்டு மலரில் காப்பியங்களைப் பற்றியும் கல்வெட்டுகளைப் பற்றியும் அறிஞர் பெருமக்கள் எழுதும் பக்கங்களுக்கு நடுவே, மரம் அறுக்கும் மெஷினின் சங்கிலியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கலாம். மலர்க் குழுவினர் கேட்டபோது நானும் தயங்கத்தான் செய்தேன். "உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது இதுதான். குடகில் காபித் தோட்டங்களுக்கு நடுவே மெஷின் பழுதுபார்க்கும் கடை வைத்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பிழைத்தவன் நான்.

இந்த மலரைப் படிக்கிறவர்களில் சிலருக்குக் குடகிலோ, சிக்கமகளூரிலோ, சக்லேஷ்பூர் பக்கத்திலோ நாலைந்து ஏக்கர் காபி இருக்கிறது. இன்னும் சிலர் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்கள், மரம் வெட்டும் கான்ட்ராக்ட் எடுக்கிறவர்கள். மாசியோடு காபிப் பறிப்பு முடிந்தால், மழை இறங்குவதற்குள் விறகுக் கொட்டகை நிரம்பியாக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் மலைநாட்டு மழையில் ஒரு சுள்ளிகூடக் காயாது. வீட்டுக்கு வீடு கேஸ் வந்துவிட்டாலும், கன்னடத்தில் 'ஹண்டே' என்று சொல்லும் அந்தப் பெரிய அண்டாவில் வெந்நீர் போடவும், பாக்கு வேகவைக்கவும், கல்யாணப் பந்தியில் சமைக்கவும் இன்றும் விறகுதான். ஆகவே இந்த விஷயம் பலருக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் செய்த ஒரு தவறு

என் தவறிலிருந்தே தொடங்குகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம். சேலம் பக்கத்திலிருந்து மரம் வெட்டும் கூலிக்கு வந்த ஒரு தம்பி கடைக்கு வந்தான். வயசு இருபத்துமூன்று இருக்கும்.

"அண்ணே, செயின் போயிடுச்சு. பதினெட்டு இன்ச்சுக்கு ஒண்ணு குடுங்க. சீக்கிரம்ணே, லோடு நிக்குது."

பழைய செயினின் கண்ணிகளை எண்ணினேன். 72 வந்தது. சுவரில் தொங்கிய 72 கண்ணிச் செயின் ஒன்றை எடுத்து மாட்டிக் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தோம், ஓடியது. அவனும் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அவனுடைய மெஷினுக்கு வேண்டியது 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள செயின். நான் கொடுத்தது 1.3 மில்லிமீட்டர். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. போதாக்குறைக்கு அவனுடைய கைடு பாரும் பழையது, காடி தேய்ந்து அகன்று போயிருந்தது. அகலமான காடியில் மெல்லிய செயின் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து ஓடியிருக்கிறது. அறுப்பு கோணலாகப் போக, அவன் மெஷினை அழுத்தித் திருப்பியிருக்கிறான். செயின் காடியை விட்டுக் கழன்று அடித்தது. லுங்கியும் ரப்பர் செருப்புமாக நின்றவனுக்கு முழங்காலுக்குக் கீழே ஏழு தையல். மூன்று வாரக் கூலி போயிற்று. மழைக்கு முந்திய மூன்று வாரம் என்பது மரம் வெட்டுகிறவனுக்கு முக்கால் வருஷச் சம்பாத்தியம் மாதிரி.

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது கடவுள் புண்ணியம். அன்றையிலிருந்து, யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அளந்து பார்க்காமல் ஒரு செயினையும் நான் கையால் தொட்டதில்லை. எதை அளப்பது, எப்படி அளப்பது, அளந்த பிறகு எந்த மாதிரிப் பல்லைக் கேட்டு வாங்குவது என்பதையே கீழே சொல்லப் போகிறேன்.

சங்கிலி எப்படி அறுக்கிறது?

நடுத்தர ரம்பம் என்று நான் சொல்வது 45 முதல் 60 சி.சி. வரை எஞ்சினும் 16 முதல் 20 அங்குலம் வரை கைடு பாரும் உள்ள மெஷினை. தோட்டங்களில் விறகுக்குப் பெரும்பாலும் இதுதான் ஓடுகிறது.

செயினில் மூன்று விதமான கண்ணிகள் உண்டு. அடியில் கூராகத் தொங்கிக்கொண்டு கைடு பாரின் காடிக்குள் ஓடுவது டிரைவ் லிங்க். எஞ்சின் பக்கத்துப் பல்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட், இதைப் பிடித்துத்தான் செயினை இழுக்கிறது. இரண்டாவது, கண்ணிகளை ஒன்றோடொன்று இணைக்கும் தட்டை. மூன்றாவது, மரத்தை அறுக்கும் பல். பற்கள் இடது ஒன்று, வலது ஒன்று என்று மாறி மாறி வரும். வழக்கமான செயினில் இரண்டு டிரைவ் லிங்குக்கு ஒரு பல். 72 டிரைவ் லிங்க் என்றால் 36 பல், பக்கத்துக்கு 18.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும். அதற்கு டெப்த் கேஜ் என்று பெயர். பல் ஒரு தடவையில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை இந்த மேடுதான் தீர்மானிக்கிறது. தச்சருடைய இழைப்புளியில் உளி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு கனத்துக்குச் சீவல் வரும் அல்லவா, அதே கணக்கு.

இந்தப் பல்லின் வடிவம் பிறந்த கதையும் சுவையானது. முதலில் வந்த சங்கிலி ரம்பங்களில் கைரம்பத்தின் பல்லைப் போல மரத்தைக் கீறிச் செல்லும் பற்களே இருந்தன. அவை சீக்கிரம் மழுங்கும், அரம் போடுவதும் பெரும்பாடு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துக் காடுகளில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோ காக்ஸ் என்பவர் 1946-இல் ஒரு மரக்கட்டையில் வண்டுப் புழு ஒன்று துளைத்துச் செல்வதைக் கவனித்தார். நாரின் வாக்கிலும் சரி, குறுக்கேயும் சரி, அந்தப் புழு சிரமமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதன் தாடைகள் ஆங்கில 'சி' எழுத்துப்போல வளைந்து, இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்தன. அந்தத் தாடையைப் பார்த்து அவர் இரும்பில் செய்ததுதான் இன்று உலகம் முழுவதும் ஓடுகிற வளைந்த பல்லின் முன்னோடி. 1947-இல் அவர் தொடங்கிய கம்பெனியின் 'ஆரிகன்' என்ற பெயரைத்தான் இன்றும் நம் கடைகளில் செயின் அட்டைப் பெட்டியில் பார்க்கிறோம்.

வேகத்தையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்ப்ராக்கெட்டில் 7 பல், ஒவ்வொரு பல்லும் செயினை 16.5 மில்லிமீட்டர் நகர்த்தும். ஒரு சுற்றுக்கு 115.5 மில்லிமீட்டர். எஞ்சின் நிமிஷத்துக்கு 10,000 சுற்று சுற்றினால் செயின் ஒரு விநாடியில் 19 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர்! நெடுஞ்சாலையில் பஸ் போகிற வேகத்தில் 36 உளிகள் நம் முழங்காலுக்கு ஒரு முழ தூரத்தில் ஓடுகின்றன. பொருந்தாத செயினை மாட்டக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான்.

பொருந்த வேண்டிய மூன்று எண்கள்

முதலாவது பிட்ச். அடுத்தடுத்து வரும் மூன்று ரிவெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதன் நடு வரை அளந்து இரண்டால் வகுத்தால் வருவது பிட்ச். நடுத்தர ரம்பங்களில் இரண்டு அளவுதான் பெரும்பாலும் வரும். மூன்று ரிவெட்டுக்கு 16.5 மில்லிமீட்டர் வந்தால் அது .325 அங்குலச் செயின். 18.6 மில்லிமீட்டர் வந்தால் அது 3/8 அங்குலம். 3/8-இலேயே 'லோ புரொஃபைல்' என்று உயரம் குறைந்த ஒரு வகை உண்டு. அது சிறிய மெஷின்களுக்கு உரியது. பெயரில் 3/8 என்றிருப்பதைப் பார்த்து ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாட்டக் கூடாது. செயின், ஸ்ப்ராக்கெட், கைடு பாரின் நுனியில் இருக்கும் சிறு சக்கரம் ஆகிய மூன்றுக்கும் ஒரே பிட்ச் இருக்க வேண்டும்.

இரண்டாவது கேஜ், அதாவது டிரைவ் லிங்கின் கனம். நடுத்தர ரம்பங்களில் 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று மூன்று உண்டு. அங்குலக் கணக்கில் .050, .058, .063 என்று எழுதியிருப்பார்கள். கனமான செயின் மெல்லிய காடியில் நுழையவே நுழையாது, அதனால் ஆபத்தில்லை. மெல்லிய செயின் அகலமான காடியில் நன்றாக நுழைந்துவிடும். அதுதான் ஆபத்து. நான் ஏமாந்ததும் அங்கேதான். வெர்னியர் காலிபர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்கிறவரை நம்பாதீர்கள், அவர் என்னைப்போல அனுபவசாலியாக இருந்தாலும்.

மூன்றாவது டிரைவ் லிங்குகளின் எண்ணிக்கை. "பதினெட்டு இன்ச் செயின் குடுங்க" என்று கேட்டால் மட்டும் போதாது. அதே 18 அங்குலம், அதே .325 பிட்ச், ஆனால் ஸ்டில் மெஷினுக்கு வழக்கமாக 68 லிங்க், ஹஸ்க்வர்னா மெஷினுக்கு 72 லிங்க் வரும். ஒவ்வொரு கம்பெனியும் கைடு பாரை எஞ்சினில் பொருத்தும் விதம் வேறு. ஆகவே பழைய செயினைத் தரையில் நீட்டிப் போட்டு, சாக்பீஸால் ஒரு லிங்கில் அடையாளம் வைத்துவிட்டு நிதானமாக எண்ணுங்கள்.

இந்த மூன்று எண்களும் கைடு பாரின் அடிப்பகுதியில் பெரும்பாலும் பொறித்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தால் தெரியும். டிரைவ் லிங்கின் பக்கவாட்டிலும் ஒரு குறி இருக்கும். ஆரிகன் செயினில் 20, 21, 22 என்ற குறிகள் .325 பிட்சுக்கு உரியவை. கேஜ் முறையே 1.3, 1.5, 1.6. அதுபோல 72, 73, 75 என்பவை 3/8 பிட்சுக்கு உரியவை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. லிங்கில் 72 என்று அடித்திருப்பதைப் பார்த்து '72 லிங்க்' என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது செயினின் வகையைக் காட்டும் குறி, எண்ணிக்கை அல்ல. ஸ்டில் செயினில் லிங்கின் மேல் ஒற்றை இலக்கம் இருக்கும். 3 என்றால் 1.3, 5 என்றால் 1.5, 6 என்றால் 1.6.

பல் எந்த மாதிரி?

மூன்று எண்ணும் பொருந்திவிட்டால் செயின் ஓடும். நன்றாக அறுக்குமா, எத்தனை நேரம் அறுக்கும் என்பது பல்லின் வடிவத்தைப் பொறுத்தது. கடைக்காரர் இங்கேதான் பேசத் தொடங்குவார். "ஃபுல் சிசல் எடுத்துக்குங்க சார், வெண்ணெய் மாதிரி அறுக்கும்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் எந்த மரத்தில் என்று நீங்கள் கேட்க வேண்டும்.

ஃபுல் சிசல் என்பது மூலை சதுரமாக, கூர்மையாக இருக்கும் பல். நாரை முதலில் வெட்டுவது அந்த மூலைதான். சுத்தமான, பச்சையான, மென்மையான மரத்தில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் அந்த மூலை ஒரு ஊசிமுனை மாதிரி. மணலோ மண்ணோ பட்டால் முதலில் போவது அதுதான். மூலை போய்விட்டால் பல்லின் மற்ற பகுதி கூராக இருந்தும் பிரயோஜனமில்லை.

செமி சிசல் என்பது மூலையை உருட்டிவிட்ட பல். வேகம் கொஞ்சம் குறைவு. ஆனால் தேய்மானம் ஒரே புள்ளியில் விழாமல் வளைவு முழுக்கப் பரவுவதால், அழுக்கு மரத்திலும் காய்ந்த கடின மரத்திலும் கூர் நீடித்து நிற்கும். அரம் போடுவதும் சுலபம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் கோணத்தில் கொஞ்சம் பிசகினாலும் இந்தப் பல் மன்னித்துவிடும்.

இனி நம் விறகைப் பாருங்கள். சில்வர் ஓக் கிளையைப் பச்சையாக அறுத்தால் சுத்தமாக இருக்கும், சரிதான். ஆனால் கொட்டகைக்கு வருவதில் பாதி என்ன? பிடுங்கிப்போட்ட பழைய காபிச் செடியின் தூர், அதில் வேரோடு ஒட்டிய செம்மண். போன மழைக்கு விழுந்து ஒரு வருஷம் சேற்றில் கிடந்த மரம். பட்டைக்கு அடியில் கரையான் கட்டிய மண் கூடு. இரும்பு மாதிரி காய்ந்த சவுக்கு. எல்லை மரமாக இருந்தால் உள்ளே பழைய முள்கம்பி ஆணி வேறு. காபிக் கட்டை மெலிந்துதான் இருக்கும், ஆனால் நார் நெருக்கமான கடின மரம். இந்த விறகுக்கு ஃபுல் சிசல் போட்டால் அரை மணிக்கு ஒரு தடவை அரத்தைக் கையில் எடுக்க வேண்டியதுதான்.

எனவே என் முடிவு இது: தோட்டத்து விறகுக்கு செமி சிசல். 45 முதல் 50 சி.சி. வரை உள்ள மெஷினில் .325 பிட்ச், 16 அல்லது 18 அங்குலம். 3/8 செயினை இழுக்க எஞ்சினுக்குக் கூடுதல் பலம் வேண்டும். சிறிய எஞ்சினில் அதை மாட்டினால் கடின மரத்தில் திணறும், பெட்ரோலும் கூடச் செலவாகும். 55, 60 சி.சி. மெஷின் வைத்துக்கொண்டு பருத்த மரங்களைத் துண்டு போடுகிறவர்களுக்கு 3/8 செமி சிசல் சரியாக இருக்கும். ஆனால் பிட்சை மாற்றுவதென்றால் ஸ்ப்ராக்கெட்டையும் கைடு பாரையும் சேர்த்து மாற்ற வேண்டும். அதை மறந்துவிடாதீர்கள்.

பல் வரிசையிலும் சில வகைகள் உண்டு. சில செயின்களில் பற்கள் விட்டுவிட்டு இருக்கும், அவை மிக நீளமான கைடு பாருக்கு உரியவை. 10 பாகைக் கோணத்தில் தீட்டிய செயின் நீளவாக்கில் பலகை அறுப்பதற்கு. பல்லின் மேல் கார்பைடு வைத்த செயினும் கிடைக்கிறது. மண்ணுக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் விலை பல மடங்கு, சாதாரண அரத்தால் தீட்டவும் முடியாது. விறகுக்கு இவை எதுவும் தேவையில்லை. அந்தக் காசுக்கு இரண்டு நல்ல செமி சிசல் செயின் வாங்குங்கள். ஒன்று மழுங்கினால் மற்றொன்றை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம், தீட்டும் வேலையைச் சாயங்காலம் உட்கார்ந்து நிதானமாகச் செய்யலாம். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால் ஸ்ப்ராக்கெட்டும் சீராகத் தேயும்.

பின்னுதை

கைடு பாரின் நுனியில் மேல் பாதி வேறொரு கட்டையில் பட்டால், மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் மேல் நோக்கிப் பின்னால், ஓட்டுகிறவனின் முகத்தை நோக்கித் துள்ளும். இதைக் கிக்பேக் என்பார்கள். விறகு அறுக்கும் இடத்தில்தான் இது அதிகம், ஏனென்றால் ஒரு கட்டையை அறுக்கும்போது பின்னால் கிடக்கும் கட்டையில் நுனி படுவது சுலபம்.

இதைக் குறைப்பதற்கென்றே பல்லுக்கு முன்னால் கூடுதலாகச் சாய்வான ஒரு கண்ணி வைத்த செயின்கள் உண்டு. அட்டைப் பெட்டியில் 'லோ கிக்பேக்' என்று போட்டிருக்கும். வருஷத்துக்குப் பத்து நாள் மெஷினைத் தொடுகிற வீட்டுக்காரருக்கும், புதிதாகப் பழகுகிற பையனுக்கும் நான் இதைத்தான் கொடுப்பேன். கொஞ்சம் மெதுவாக அறுக்கும். அதனால் என்ன? இந்தச் செயின் கிக்பேக்கைக் குறைக்கும், அறவே இல்லாமல் செய்யாது. செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். கால்சட்டை, பூட்ஸ், கண்ணாடி இல்லாமல் மெஷினைத் தொடவே கூடாது. லுங்கிக்கும் இந்த மெஷினுக்கும் ஆகாது.

வாங்கிய பிறகு

சரியான செயின் வாங்கினால் மட்டும் போதாது, வைத்துக்கொள்ளவும் தெரிய வேண்டும். சில குறிப்புகள்:

செயினை மாட்டியதும், கைடு பாரின் அடியில் தொங்காமல் ஒட்டி நிற்க வேண்டும். அதே சமயம் கையுறை போட்ட கையால் இழுத்தால் தாராளமாக நகர வேண்டும். புதுச் செயின் முதல் அரை மணி நேரத்திலேயே கொஞ்சம் நீளும், அடிக்கடி நிறுத்தி இறுக்குங்கள். சூட்டில் இறுக்கிய செயினை வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது அது சுருங்கி எஞ்சினின் தண்டையும் பேரிங்கையும் இழுக்கும்.

அரத்தின் அளவு செயினுக்குத் தக்கபடி இருக்க வேண்டும். .325-க்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். 3/8-க்கு கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5. லோ புரொஃபைலுக்கு 4 மில்லிமீட்டர். பெரும்பாலான செயினில் கோணம் 30 பாகை. பல்லின் மேல் தட்டிலேயே அதற்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். உள்ளிருந்து வெளியே ஒரே பக்கமாகத் தள்ளுங்கள், முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே. ஒரு பக்கத்துப் பல் குட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் போனால் அறுப்பு வளையும். பல்லின் வெளிப்புறத்தில் மெல்லிய குரோமியப் பூச்சு இருக்கிறது, கூர் நிற்பது அதனால்தான். கல்லில் பட்டு அந்தப் பூச்சு போயிருந்தால், போன இடம் முழுவதும் மறையும் வரை அரம் போட வேண்டும். பாதியில் நிறுத்தினால் கூர் வந்த மாதிரி இருக்கும், பத்து நிமிஷத்தில் போய்விடும்.

நாலைந்து தடவை தீட்டியபின் டெப்த் கேஜ் மேட்டைச் சரிபார்க்க வேண்டும். பல்லின் கூரைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது .325, 3/8 இரண்டுக்கும் பொதுவான அளவு. அதற்கென்று உள்ள தகட்டை வைத்து அளந்து தட்டை அரத்தால் தேய்க்கலாம். "இன்னும் கொஞ்சம் இறக்கினா வேகமா கடிக்கும்ணே" என்று சில தம்பிமார் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறக்கிவிடுகிறார்கள். மெஷின் உதறும், கிக்பேக் கூடும்.

மழுங்கியதை எப்படி அறிவது? கூரான செயின் சீவல் தள்ளும். மழுங்கியது மாவு தள்ளும். நீங்கள் அழுத்தினால்தான் அறுக்கிறது என்றாலும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். எஞ்சின் கெட்டுவிட்டதென்று என் கடைக்கு வந்த மெஷின்களில் எத்தனையோ, செயினைத் தீட்டி மாட்டியதும் சரியாகிவிட்டவை.

எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். வண்டியிலிருந்து இறக்கிய கறுப்பு எண்ணெயை ஊற்றுவது நம் பக்கத்துப் பழக்கம். அதில் உலோகத் துகள் இருக்கிறது, செயினில் ஒட்டவும் ஒட்டாது. செயின் எண்ணெய் பசைபோல ஒட்டி நிற்கும்படி தயாரித்தது. ஸ்ப்ராக்கெட்டில் செயின் பதிந்த தடம் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் மாட்டுவது காசைக் கரியாக்குவது. கைடு பாரையும் அவ்வப்போது திருப்பிப் போட்டால் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். ஓர் அளவுகோலைப் பல்லின் பக்கவாட்டிலும் பாரின் பக்கவாட்டிலும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பாருக்கும் அளவுகோலுக்கும் நடுவே சிறு இடைவெளி தெரிய வேண்டும். தெரியாமல் செயின் சாய்ந்து அளவுகோல் பாரில் படிந்தால் காடி அகன்றுவிட்டது என்று பொருள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன் தோட்டத்து மரம்தானே என்று நினைத்த உடனே வெட்டிவிட முடியாது. கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையின் மர அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டிய மரங்கள் உண்டு. சில்வர் ஓக், சவுக்கு போன்ற சில மரங்களுக்கு விலக்கு இருக்கிறது. மெஷினை எடுப்பதற்கு முன் அதை விசாரித்துக்கொள்வது நல்லது.

முடிவாக

கடைக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் நான்கு விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை, செமி சிசல். முடிந்தால் பழைய செயினையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் அளந்து காட்டும்வரை காசைக் கொடுக்காதீர்கள். அளக்கச் சொன்னால் எந்த நல்ல கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். தோட்டத்து முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. வெட்டுகிறவன் கூலிக்காரன்தானே, எந்தச் செயினை மாட்டினால் நமக்கென்ன என்று இருக்காதீர்கள். நாலு காசு மிச்சம் பிடிக்கப் போட்ட செயினுக்கு விலை கொடுப்பது அவன் காலும் கையும்தான்.

தையல் போட்டுக்கொண்ட அந்தச் சேலத்துத் தம்பி இப்போது சொந்தமாக இரண்டு மெஷின் வைத்திருக்கிறான். நாலு பேருக்கு வேலை கொடுக்கிறான். இன்றும் செயின் வாங்க என் கடைக்குத்தான் வருகிறான். உள்ளே வந்ததும் அவன் முதலில் கேட்பது, "அண்ணே, அந்தக் காலிபரைக் குடுங்க." அவனே அளந்து பார்த்த பிறகுதான் செயின் சுவரை விட்டு இறங்கும். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இதைப் படிக்கிற நீங்களும் அப்படியே கேட்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.